கசப்புக்குத் துணை

"மூச்சைப் பிடிச்சுக்கோ ராஜம். நான் முதல்ல குடிச்சுக் காட்டுறேன், பாரு!"

சிறுகுறிஞ்சானும் பாகற்காயும் கலந்த சாற்றைச் சிவநேசன் ஒரே மடக்கில் விழுங்கினார். தொண்டைவரை கசந்தது. முகம் கோணாமல் சிரித்து வைத்தார். அப்புறம்தான் அவர் மனைவி இராஜம்மா தன் தம்ளரை எடுத்தாள்.

கிள்ளான் கிளினிக்கில் இருவருமே ரத்தம் கொடுத்திருந்தார்கள். முடிவு கேட்கப் போனவள் இராஜம்மா மட்டும். முகம் வாடி வந்தாள்.

"எனக்கு சுகர் பார்டர்ல நிக்குதாம். கொலஸ்ட்ராலும் கூடவாம். மூணு மாசம் வாயைக் கட்டிப் பார்க்கணும், இல்லேன்னா மாத்திரைதானாம்."

சிவநேசன் அன்றைக்கே கோமுட்டர் ரயிலேறி, பிரிக்ஃபீல்ட்ஸ் நாட்டு மருந்துக் கடையிலிருந்து சாற்று பாட்டிலோடு திரும்பினார்.

"தனியாக் குடிக்க மாட்டேன்" என்று அவள் அடம்பிடித்தாள். அவரும் குடித்தார். அவள் எதிரே எப்படித் தின்பது என்று ரொட்டி சானாயை விட்டார். இனிப்புத் தூக்கலான தே தாரிக் டீயை விட்டார். தனியே நடக்கப் பயம் என்றாள். மாலையானால் கூடவே நடந்தார்.

"லோரி ஓட்டுனப்பகூட இவ்ளோ கஷ்டப்படல லா!" என்று கூட்டாளிகளிடம் அலுத்துக்கொள்வார். ஆனால் ஒருநாளும் விட்டதில்லை.

மூன்று மாதம் போயிற்று. மறுபடி ரத்தம் கொடுத்து, இம்முறை இருவருமாகப் போய் டாக்டர் ஃபர்ஹானா முன் உட்கார்ந்தார்கள்.

"சூப்பர்! சுகர் நல்லா இறங்கிடுச்சு. கொலஸ்ட்ராலும்தான். மாத்திரை வேணாம்."

சிவநேசன் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. "சாறு வேலை செஞ்சிருச்சு ராஜம்!"

"சாறு மட்டும்னு நினைக்காதீங்க அங்கிள். சாப்பாட்டைக் குறைச்சீங்க, நடந்தீங்க. அதை விட்டுடாதீங்க."

"விடுவேனா டாக்டர்? இவளுக்காக ஆயுசு முழுக்கக் கசப்பு குடிப்பேன்!"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஆன்டிக்காகவா? அவங்களுக்கு அன்னைக்கும் ஒண்ணுமில்ல, இன்னைக்கும் ஒண்ணுமில்ல. சுகர் உங்களுக்குத்தானே அங்கிள்!"

சிவநேசன் மனைவி பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குன்னு சொல்லியிருந்தா," என்றாள் இராஜம்மா, பிடித்த கையை விடாமல், "அந்தச் சாறு பூராவையும் வாஷ் பேசின்தான் குடிச்சிருக்கும்!"