எனக்குத்தான் தாயி

பாரத நாட்டுக்கே ரோஷத்தை மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றி அனுப்புகிற ஊர் தூத்துக்குடி என்று அவர் எழுந்து நின்று அறிவித்தார்.

நர்சம்மா கேட்டது, யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று மட்டும்தான்.

சமுதாயக் கூடம். வயதானவர்களுக்கான பிரஷர் பரிசோதனை, உணவு ஆலோசனை. சுவரில் ஓர் உப்பு டப்பா படம், அதன் மேல் சிவப்பில் பெருக்கல் குறி.

உப்பளத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தப் படம் அவருக்கு, பெற்ற பிள்ளையைத் தேடப்படும் குற்றவாளி என்று ஒட்டி வைத்ததைப் போல இருந்தது.

"உப்பைக் கொறைன்னா ரோசத்தக் கொறைன்னுதான தாயி அர்த்தம்? சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவன்கிட்ட பேசுத பேச்சா இது?"

கூடம் கைதட்டியது. பிரஷர் உள்ளவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

அவருக்குப் பிரஷர் கிடையாது. சற்று முன்புதான் பார்த்தார்கள். நூற்றி இருபது, எண்பது. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத மார்க்கை அந்தக் கருவி தாராளமாகப் போட்டிருந்தது. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லியாகிவிட்டது.

ருசி பார்க்க ஆளுக்கொரு தட்டு குதிரைவாலி உப்புமா வந்தது. உப்பு பேருக்குத்தான். அவர் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

பக்கத்தில் சவரிராயன் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார். உப்பளத்தில் கூட வேலை பார்த்தவர்.

"எப்படி வே இறங்குது?"

"வீட்லயும் இப்படித்தான வே. அவளுக்குப் பிரஷர்லா."

"அவளுக்குப் பிரஷர்னா நீரு எதுக்கு வே பத்தியம் இருக்கீரு? அவளுக்குப் பிரசவம்னா நீரு போயி ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டீரோ?"

முன்வரிசை முழுக்கச் சிரித்தது. சவரிராயனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த வாய் அள்ளினார்.

மேடையருகே பெண்கள் வரிசை. செல்லக்கனியின் முறை வந்தது.

கங்காணியின் மனைவி.

நர்சம்மா பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். முகம் சுருங்கியது. மறுபடி அடித்தாள்.

மேசை மேல் இருந்த மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"நூத்தி எழுபது, நூறு. என்ன ஆச்சி, மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"போடுதேன் தாயி. ஒரு நா விடுறதில்ல."

"அப்புறம் ஏன் இறங்க மாட்டேங்குது? உங்க வீட்ல யாருக்கு உப்பு தூக்கலா வேணும்?"

கேள்வி ஒலிபெருக்கியில் புறப்பட்டுக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

விடை அவருக்குத் தெரியும்.

மாத்திரை எழுதிக் கொடுத்த மறுநாள் அவள் உப்பைக் குறைத்துக் குழம்பு வைத்தாள். அவர் எத்திய தட்டு சுவர் வரை போய்ச் சுழன்று நின்றது. டீக்கடையில் அதை ரோஷத்தின் சரித்திரமாகப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

உனக்குத் தனியாக ஒரு சட்டி வைத்துக்கொள் என்று பெருந்தன்மையாகவும் சொல்லிப் பார்த்தார். இருக்கிற ரெண்டு பேருக்கு ரெண்டு குழம்பா என்றாள் அவள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரே சட்டி. அவருடைய உப்பு.

இப்போது சொல்லிவிடுவாள். கூடம் திரும்பிப் பார்க்கும். கும்பிடு போட்டுச் சமாளிக்க ஒரு சிரிப்பைத் தயார் செய்துகொண்டார்.

"எனக்குத்தான் தாயி" என்றாள் செல்லக்கனி. "பாழாப்போன நாக்கு, கேக்க மாட்டேங்கு. அவுகளச் சொல்லக் கூடாது. எதப் போட்டாலும் சாப்பிட்டுருவாக."

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.

"இந்த வயசுல இவ்வளவு நாக்கு ருசி ஆகுமா ஆச்சி? ஒரு பக்கம் இழுத்துக்கிட்டா யாரு பாப்பா? அந்தத் தாத்தாவா பாப்பாரு?"

யாரோ உச்சுக்கொட்டினார்கள். கைதட்டிய அதே ஆட்கள்தான்.

செல்லக்கனி தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். கூடவே, டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டையும்.

எழுந்து நிற்க வேண்டும். சற்று முன் கூப்பிடாமலே எழுந்து நின்றவர்தான். நான்தான் என்று ஒரு வார்த்தை. காற்றடிக்கும் உப்பளத்தில் அந்தக் கோடியில் நிற்பவனைக் கூப்பிட்ட தொண்டை.

அவர் உட்கார்ந்தே இருந்தார்.

நூற்றி இருபது, எண்பது.

அவள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சவரிராயன் தள்ளி இடம் விட்டிருந்தார்.

அவள் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பிறகு பர்ஸைத் திறந்து, மாத்திரை அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தாள். மடிப்புகள் நைந்து போயிருந்தன. கல்யாண வீடு, துஷ்டி வீடு, எங்கே போனாலும் அது அவளோடு வரும் போல. இத்தனை நாள், கேட்டதும் கைக்கு வந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்ததில்லை.

முந்தானையால் மறைத்து நீட்டினாள்.

"போட்டுக்கிடுங்க. யாரும் பாக்கல."

அவர் பொட்டலத்தைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

உப்புமாவை அள்ளி வாயில் வைத்தார். மென்றார். விழுங்க நேரமாயிற்று.

அவள் கை நீட்டியபடியே இருந்தது.

அவர் அடுத்த வாய் அள்ளினார்.