பர்வீனுக்குக் கொடுத்த நோட்ஸ்

செண்பகவல்லி சேர்ந்த முதலாண்டு நுண்பொருளியல் பாடத்தில் எழுத்துத் தேர்வு கிடையாது. மாணவர்கள் கையில் கட்டிவிட்ட பட்டை ஆறு மாதமும் அவரவர் செய்ததையெல்லாம் குறித்துவைக்கும். கடைசி நாளில் பேராசிரியர் கூப்பிட்டுக் காரணம் கேட்பார். லாபம் பார்க்காமல் ஏதாவது செய்திருந்தால் ஃபெயில்.

"காய்ச்சல்ல கிடந்த பர்வீனுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து நோட்ஸ் எழுதிக் குடுத்திருக்க," என்றார் பேராசிரியர் குலோத்துங்கன். "அவ உனக்குப் போட்டி. இதுல உனக்கு என்னம்மா ஆதாயம்?"

செண்பகவல்லி கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள். ஃபெயிலானால் உதவித்தொகை நின்றுவிடும்.

"அவங்கப்பா பேங்க் மேனேஜர் சார். நாளைக்கு லோனுக்கு ஆகும்னுதான் பழகுறேன்."

"இதுதான் பகுத்தறிவு," என்று மகிழ்ந்து, தொண்ணூற்றைந்து போட்டார்.

சந்தையில் யாரிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்பது பாடத்தின் அடிப்படை. அதனால் எல்லோருடைய பதிலும் மதிப்பெண்ணோடு வாசல் திரையில் உடனுக்குடன் வந்துவிடும். செண்பகவல்லி வெளியே வந்தபோது பர்வீன் அதன் கீழே நின்று வாசித்துக்கொண்டிருந்தாள்.

பர்வீனின் தேர்வு காலையிலேயே முடிந்திருந்தது; அவள் பதிலும் திரையில் இருந்தது. போட்டியாளர் கொடுத்த நோட்ஸை எதை வைத்து நம்பினாய் என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். 'செண்பா என் ஃப்ரெண்டு சார், தப்பா எழுதித் தரமாட்டா' என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் பூஜ்யம்.

செண்பகவல்லி அவள் தோளைத் தொடப்போனாள். பர்வீன் விலகிக்கொண்டாள்.

"எங்கப்பா போன மாசமே ரிட்டயராயிட்டாரு," என்றாள். "வேற யாரையாவது பாத்துக்க."