கூட்டக் காட்சி

"யாரும் அழாதீங்க. கூட்டமா அழுதா படத்துல பொய்யாத் தெரியும். மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் பேசாம நடங்க, அது போதும்" என்று லயத்து வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தான் சுதாகரன்.

மூன்று நாளாக விடாத மழை. கூனிமலைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில், லயம் என்ற அந்த நீள வரிசையின் பன்னிரண்டு காம்பரா வீடுகளிலிருந்தும் ஆட்கள் சட்டிபானையோடு வெளியே வந்தார்கள். அந்தக் காலத்தில் துரை லயத்தைவிட்டுத் துரத்திய குடும்பங்களாக நடிக்க வேண்டுமாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கேமரா வருகிறதாம்.

ராசம்மா தன் தம்பி சுதாகரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதில் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவன். பிறகு கொழும்புக்குப் போய்ப் பதினெட்டு வருஷமாக மேடை நாடகம், டெலி நாடகம், சினிமா. சினிமாவில் இதுவரை ஏழு முறை பொலிஸ்காரன், நான்கு முறை பிணம். அதனால் என்ன? அவன் முகம் டிவியில் வந்தால் லயமே ஒரு காம்பராவுக்குள் கூடிவிடும்.

அம்மாவின் திவசத்துக்காக நேற்றுத்தான் கொட்டகலையில் ரயிலிறங்கி வந்தான். காலையில் லொகேஷன் பார்க்கிறேன் என்று லயத்துக்குப் பின்னால் மலையேறியவன், முழங்கால்வரை சேறோடு திரும்பினான். அப்போதிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. அவள் கொடுத்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போயிருந்தது.

"அக்கா, அடையாள அட்டை, பிள்ளைங்களோட சர்டிபிகேட்டு, மாத்திரை எல்லாம் எடுத்துக்கிட்டியா?"

"மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு படத்துல தெரியவா போகுது?"

"கனம் நடையில தெரியும்க்கா. எடு."

"ஆடு?"

"ஆடும் நடிக்குது. அவுத்துக்கிட்டு வா."

பக்கத்துக் காம்பரா ஜீவராணி நல்ல சேலை உடுத்தி, அதற்கு மேல் சாக்கைப் போர்த்தியிருந்தாள். "போன மாசம் மழை ஆபத்துன்னு கிராம சேவகர் சொன்னதைக் கேட்டு இதே பள்ளிக்கூடத்துல ரெண்டு நாள் சும்மா கெடந்தோம். திரும்பி வந்தா நாலு கோழியக் காணோம். எந்த ஆபீசர் வந்து சொன்னாலும் இனிமே எறங்குறதில்லன்னு அன்னைக்கே கோயில்ல சத்தியம் பண்ணினோம். படம்னா அது வேற" என்று சிரித்தாள்.

சுதாகரன் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மச்சான் எங்க?"

ராசம்மாவின் புருஷன் செல்லசாமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தான். "பொணமா நடிக்கிறவன் பேச்சுக்கு நான் மழையில நனையணுமா? நீங்க போங்க" என்ற குரல்தான் உள்ளேயிருந்து வந்தது.

"அவரை விடு தம்பி. ஒரு ஆளு கொறஞ்சா படம் நின்னுருமா?" என்றாள் ராசம்மா.

"ஒரு ஆளும் கொறையக் கூடாதுக்கா."

அந்தக் குரலை அவள் எந்த நாடகத்திலும் கேட்டதில்லை. அவன் உள்ளே போய்க் கட்டிலோரம் மண்டியிட்டான்.

"மச்சான், படத்துல ஒரே ஒரு வசனந்தான். துரை மூஞ்சிக்கு நேரா, 'இனிமே உன்னயக் கும்பிட மாட்டோம்'னு சொல்லணும். டைரக்டர் அதை எனக்குத்தான் குடுத்தாரு. நான் உங்களுக்குத் தர்றேன்."

செல்லசாமி எழுந்து உட்கார்ந்தான். முப்பது வருஷம், காலையில் ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில் துரை முன்னால் தலைகுனிந்து நின்ற மனுஷன். கம்பளியை மடித்து வைத்துவிட்டு, "சத்தமாச் சொல்லணுமா, மெதுவாவா?" என்று கேட்டான்.

"நடந்துக்கிட்டே பழகுவோம். வாங்க."

இறக்கம் முழுக்க அவன் யாரையும் நிற்க விடவில்லை. செருப்பு அறுந்தவளை வெறுங்காலோடு இழுத்துப் போனான். ஜீவராணியின் மாமியாரைத் தன் முதுகில் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தான். அடிக்கடி திரும்பி மலையைப் பார்த்தான். டைரக்டருக்கு இத்தனை பயப்படுகிறவனா இவன் என்று ராசம்மாவுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் தலைகளை எண்ணினான். நாற்பத்தாறு. முகம் வெளுத்துப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினான். கக்கூசுக்குப் போயிருந்த செல்லசாமி நெஞ்சை நிமிர்த்தி, வசனத்தை முணுமுணுத்தபடி வந்து சேர்ந்தான். நாற்பத்தேழு.

சுதாகரன் நனைந்த படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. ராசம்மா ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடா தம்பி? கேமரா வரலைன்னா போகுது. இன்னொரு நாளைக்கு எடுத்துக்கட்டும்."

அவன் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், அவர்கள் விட்டுவந்த திசையின் மூடுபனிக்குள்ளிருந்து, லொறியில் கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் கிளம்பியது. வரவர அது பெருத்துக்கொண்டே போனது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

செல்லசாமி அவசரமாகத் தலையைக் கோதிவிட்டுக்கொண்டான். "வேன் வந்துருச்சு போலயே மாப்பிள்ள."

சுதாகரன் நிமிரவில்லை.

"வேன் இல்ல மச்சான். மலை எறங்குது."