வாயிலிருந்த குழாய்

நோர்வேயின் குளிர்கடலுக்கடியில், போரில் மூழ்கிய கப்பலொன்றின் சமையலறையை அனுசூயா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிரில் உறைந்த அவளுடைய மூச்சுக்கருவி திடீரென்று காற்றையெல்லாம் குமிழிகளாகக் கொட்டத் தொடங்கியது. பக்கத்தில் நீந்திய கணவன் கேதீஸ் தன் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி அவள் வாயில் வைத்தான். பிறகுதான் தன் நெஞ்சில் தொங்கிய உபரிக் குழாயைத் தேடிக் கடித்துக்கொண்டான். ஒருவரையொருவர் பற்றியபடி மெல்ல மேலேறினார்கள்.

படகில் ஏறியதும் அவள் சீறினாள். "மற்றதையெல்லோ எனக்குத் தரோணும்? அப்பிடித்தானே பழக்கினவை."

"அது வேலை செய்யுமோ எண்டு எனக்குத் தெரியேல்லை," என்றான் அவன், பற்கள் தந்தியடிக்க. "இது வேலை செய்யுது எண்டு தெரியும்."

அவள் அவனுடைய ஈரக் கையுறைகளைக் கழற்றி, விறைத்த விரல்களைத் தன் கழுத்தில் வைத்துப் பொத்திக்கொண்டாள்.