பூட்டில்லாத படம்

ஸ்ரீஸ்கந்தராசா என்று ஒருவன் சிவானந்தனின் குறும்படத்தை மறுபடியும் வாங்கியிருந்தான்.

கணினி மணியடித்துச் சொன்னது. கடிதத்தைப் பாதியில் விட்டுவிட்டு மின்னஞ்சலைத் திறந்தேன். பொறாமைதான், வேறென்ன சொல்ல.

கடிதம் அவசரமானது. சிவானந்தன் என் கலியாண வீடியோக் கடையில் எடிற்றிங் செய்கிறவன். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை. விடியக்காலை அந்த லொட்ஜைச் சுற்றிவளைத்து, இருந்த தமிழ்ப் பொடியன்களை எல்லாம் பொலிஸ் ஸ்ரேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லொட்ஜ் மனேஜர் மஜீட் ஒன்பது மணிக்கே போன் எடுத்தார். வேலை கொடுக்கிறவர் கடிதத்தோடு நேரே வந்து பொறுப்பேற்றால் விடுவார்களாம். இரண்டு மணி தாண்டினால் வேறிடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம்.

வேறிடத்துக்குப் போனவர்களைத் தேடுவது என்ன பாடு என்று கொழும்பில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

இப்போது பன்னிரண்டரை. கடிதத்தில் இரண்டு வரிதான் ஏறியிருந்தது. கலியாண வீட்டுக்காரர் வந்தார், கரண்ட் போனது என்றெல்லாம் காரணம் சொல்லலாம். உண்மை அதுவல்ல.

போன வருஷம் நாங்கள் ஆளுக்கொரு குறும்படம் எடுத்தோம். இரண்டும் லண்டனில் இருக்கும் ஒரு சிநேகிதனின் இணையத்தளத்தில் விற்பனைக்குக் கிடந்தன. எது விற்றாலும் கடைக் கணினிக்கு மின்னஞ்சல் வரும். என்னுடையதற்கு நான் பூட்டுப் போட்டேன். வாங்குகிறவர் ஒரே ஒரு கணினியில்தான் பார்க்கலாம், பிரதி எடுக்க ஏலாது. அவன் பூட்டே போடவில்லை. திறந்த வீட்டுக்குள் நாய் நுழைந்த மாதிரி ஆகும், ஒருத்தன் வாங்கி ஊருக்கே பங்கு வைப்பான் என்று புத்தி சொன்னேன்.

"காசு குடுத்து வாங்கிற சனத்தையே கள்ளரெண்டு நினைக்கச் சொல்றியளோ, அண்ணை?" என்று கேட்டான்.

நான் சிரித்தேன். ஆறு மாதத்தில் என் படத்தை நாலு பேர் வாங்கினார்கள். அதில் ஒருவர் பூட்டுத் திறக்கவில்லை என்று ஏசி எழுதினார்.

அவன் படத்துக்கோ, மற்ற ஆட்கள் போக, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள் நேரம் காலை எட்டரைக்குக் கனடாவிலிருந்து இந்த ஸ்ரீஸ்கந்தராசா. தவறுவதே இல்லை. சிவானந்தன் வந்ததும் வராததுமாக, குடையை மடக்கி வைப்பதற்கு முதல், இரண்டு வரி பதில் எழுதுவான். படத்தை வாங்கியதற்கு நன்றி. சிவானந்தன்.

பூட்டில்லாத படம். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கப் பார்க்கலாம். பிறகு எதற்கு இந்த விசரன் வாராவாரம் வாங்குகிறான்? எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். அவருக்குப் பிடிச்சிருக்குப்போல என்று சொல்லிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. நன்றி எழுத ஆளில்லை. ஆனால் ஸ்ரீஸ்கந்தராசா விட்டபாடில்லை. எட்டரைக்கு ஒன்று. பத்துக்கு ஒன்று. பதினொன்றுக்கு மேல் மூன்று. இப்போது ஆறாவது. ஆள் உள்ளே கிடக்கிறான், அதிர்ஷ்டம் வெளியே நின்று விற்கிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

மணி அடித்தது. ஏழாவது.

ஒரு மணிக்கு மஜீட் திரும்பவும் போன் எடுத்தார். ஸ்ரேஷன் வாசலில் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்றார். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதச் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த நாளில் சிவானந்தன் தந்த அட்டைப் பிரதி மேசை லாச்சிக்குள் கிடந்தது. எடுத்துவைத்து, எழுத்துக்கு எழுத்துப் பார்த்துத் தட்டினேன்.

ஸ்ரீஸ்கந்தராசா சிவானந்தன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஆட்களுக்குப் பரம்பரைப் பெயர் ஒன்று பின்னால் வரும். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு முன்னால் வருவது தகப்பனின் பெயர். தெரியாத விஷயமில்லை. இரண்டு வருஷமாக சிவா, சிவா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நான், அந்தப் பெயருக்கு முன்னால் என்ன வரும் என்று கேட்டதில்லை.

கணக்கியல் படிக்கக் கொழும்புக்கு அனுப்பிய மகன் கமராவைத் தூக்கிவிட்டான் என்று தகப்பன் நாலு வருஷமாகக் கதைப்பதில்லை. சிவாவே ஒருதரம் சொல்லியிருக்கிறான்; தகப்பன் இருப்பது கனடாவில் என்று சொல்லவில்லை. செத்தாலும் போன் எடுக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியவராம்.

போன் எடுக்கத்தானே மாட்டார்.

படம் அவரிடம் முதல் வாரமே இருந்தது. அதன் பிறகு அவருக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு வரிதான். மகன் உயிரோடு இருக்கிறான், கதிரையில் உட்கார்ந்து தன் கையால் எழுதியிருக்கிறான் என்று அதில் தெரிந்துவிடும்.

இன்று அது போகவில்லை.

கனடாவில் விடியப்புறம் நாலு மணியாகப் போகிறது. எட்டாவது மணி அடித்தது.

படத்தை வாங்கியதற்கு நன்றி என்று தட்டினேன். சிவாவின் பெயரைப் போட்டு அனுப்பினால் மனிதர் படுக்கப் போவார். பெயரைப் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் அழித்தேன். அதை அவன் வந்து எழுத வேண்டும்.

அப்போதும் என் பொறாமை போகவில்லை, ஆண்டவரே. கூடித்தான் இருந்தது. என் அப்பா கொட்டாஞ்சேனையில் என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறார். என் படத்தின் பெயரைக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

கடிதத்தை அச்செடுத்தேன். காலையில் போடவேண்டிய கையெழுத்தைப் போட்டேன்.

காலி வீதியில் ஒரு திரீவீலரை மறித்து நிற்கச் சொல்லிவிட்டு, ஓடிவந்து கடைக் கதவைப் பூட்டினேன். உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது.