லாரி விபத்து

ராணுவ மருத்துவமனையில் மகனின் கட்டிலருகே இருந்த அம்மாவிடம் அதிகாரி வந்தார்.

"விருந்தாளி கேட்டா, லாரி மோதி கால் போச்சுன்னு சொல்லுங்கம்மா."

"எல்லைச் சண்டையில போச்சுன்னு சொன்னா என்ன தப்பு?"

"அவர் மனசு கஷ்டப்படும். செயற்கைக் கால் குடுக்க வர்றவரு."

விருந்தாளி வந்து விசாரித்தார். அம்மா லாரி என்றாள்.

"அடடா, பாத்துப் போயிருக்கக் கூடாதா தம்பி?" என்று மகனின் தோளைத் தட்டினார். அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவர் போனதும் மகன் காறித் துப்பினான்.

"ஏன்டா, கால் குடுத்த மகராசன்டா!"

"எடுத்ததும் அவன்தாம்மா. பக்கத்து நாட்டு ராணுவ மந்திரி. அவங்க புது ஏவுகணை நம்ம தலைநகர் வரைக்கும் பாயுதாம். அதான் இப்போ ரெண்டு நாடும் உயிர் நண்பர்கள்."

அம்மா குழாயடிக்குப் போய்க் கண்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.