தேயமாட்டேன் என்ற பிரேக் பேடு

குடும்பமே ஏறிப்போகும் கார் அது. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, புது பிரேக் பேடில் இரண்டு வகையை எடுத்து எதிரே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

"நாளைக்கு மலை இறங்கணும், பிள்ளைங்கல்லாம் உள்ள இருக்கும். யாருடா எங்கூட வர்றது?" என்று கேட்டது, சக்கரத்தோடு சுழலும்போது பேடு அழுத்திப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தட்டான பிரேக் டிஸ்க்.

"நான்தான்! எவ்வளவு உரசினாலும் தேயமாட்டேன்," என்றது பளபளத்த பேடு.

"அப்போ தேயுறது நானா?" என்றது டிஸ்க்.

கறுத்த பேடு மெல்லச் சொன்னது: "நான் தேய்வேன் அக்கா. ஆனா புடிச்சா விடமாட்டேன்."

"வா தம்பி, வந்து உட்காரு!" டீ குடித்துவிட்டு வந்த மெக்கானிக்கும் கறுத்த பேடையே எடுத்து மாட்டினார்.

மறுநாள் மலை இறக்கத்தில் கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்தது. கார் சட்டென்று நின்றது. கன்றின் வால் பம்பரைத் துடைத்துவிட்டுப் போனது. உள்ளே பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"தேஞ்சிட்டியாடா தம்பி?"

"கொஞ்சூண்டு அக்கா. உனக்கு?"

"ஒரு கீறல்கூட இல்லடா!"